போன் கங்காணிக்கு அரைப் பேர்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் எந்த லயத்திலும் நடக்கக்கூடிய காட்சி இது. மாலை நேரம். மலையிலிருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அம்மா, கைகால் கழுவிக்கொண்டு போனை எடுக்கிறார். பாடசாலைக் கூட்டத்தில் ஆசிரியை சொன்னது நினைவுக்கு வருகிறது. பிள்ளைகள் கண்டதையும் பார்க்காமல் இருக்க போனுக்குள்ளேயே ஒரு பூட்டுப் போடலாமாம்.

"இதுல என்னமோ லொக் இருக்காமே, அத எப்புடிப் போடுறது?"

தரம் எட்டில் படிக்கும் மகள் கையை நீட்டுகிறாள். "குடுங்கம்மா, நான் போட்டுத் தாரேன்."

இரண்டே நிமிடத்தில் பூட்டு விழுந்துவிடுகிறது. கடவு எண்ணையும் அவளே தெரிவு செய்கிறாள். அம்மாவுக்கு மறந்து போய்விடக் கூடாதே என்று அதைத் தன் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதியும் வைத்துக்கொள்கிறாள்.

யாருக்காகப் பூட்டோ, அவளிடமே சாவி! சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 'பெற்றோர் கட்டுப்பாடு' என்ற பெயரில் உலகமெங்கும் பேசப்படும் இந்தத் தொழில்நுட்பம் பிள்ளைகளை எவ்வளவு தூரம் காக்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. மீதியைத் தேட, பூட்டைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சொல். மேற்பார்வை பார்ப்பவரைக் குறித்த 'கண்காணி'தான் மலைநாட்டில் 'கங்காணி' ஆனது. பிள்ளையின் போனைக் கண்காணிக்கும் மென்பொருளைப் 'போன் கங்காணி' என்று அழைத்தால், அது என்ன செய்யும் என்று இங்கே எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பார்ப்பார், எண்ணுவார், தடுப்பார், மேலிடத்துக்கு அறிவிப்பார். அவரால் எதைப் பார்க்க முடியாது என்பதைத்தான் விளக்க வேண்டும்.

கங்காணி எங்கே நிற்கிறார்?

2020 மார்ச்சில் கொவிட் தொற்றால் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன் பின் நெடுங்காலம் திறப்பதும் மூடுவதுமாகவே போனது. பாடக் குறிப்புகள் வட்ஸ்அப்பில் வந்தன, வகுப்புகள் சூமில் நடந்தன. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் தேடிக் காட்டு வழியே மலையேறிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அதுவரை பெரியவர்களின் சட்டைப் பையில் இருந்த போன் அப்போதுதான் பாடசாலையாக மாறியது. பிறகு பாடசாலைகள் திறந்தன. பிள்ளைகளின் கைக்கு வந்த போன் மட்டும் சட்டைப் பைக்குத் திரும்பவில்லை.

பிள்ளை அந்தப் போனில் எதையாவது தேடும்போது கங்காணி மூன்று இடங்களில் நிற்கலாம்.

முதலாவது இடம், வழி. தோட்டத்துக் கடிதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். லயத்து வீடுகளுக்கு நெடுங்காலமாகத் தனி முகவரி இருந்ததில்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்துதான் கைமாறும். இணையத்திலும் இப்படி ஒரு காரியாலயம் உண்டு. நாம் தட்டும் தளத்தின் பெயரை, இயந்திரங்களுக்குப் புரியும் எண் முகவரியாக மாற்றித் தரும் முகவரி ஏடு அங்கே இருக்கிறது. தடைப்பட்டியலில் உள்ள ஒரு பெயரைக் கேட்டால், "அப்படியொரு முகவரியே இல்லை" என்று அந்த ஏடு கைவிரித்துவிடும். வைஃபை கருவியிலும் தொலைபேசி நிறுவனங்களிலும் போடப்படும் வடிகட்டிகள் பலவும் இந்த வகைதான். செலவு குறைவு, வேகம் அதிகம்.

ஆனால் இன்றைய இணையத்தில் பெரும்பாலான கடிதங்கள் ஒட்டிய உறையில்தான் போகின்றன. அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர நடுவில் எவரும் படிக்க முடியாதபடி செய்தியைக் கலைத்து அனுப்பும் இந்த முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். காரியாலயத்துக் கிளாக்கருக்கு உறைமேல் இருக்கும் முகவரி தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. பிள்ளை யூடியூபுக்குப் போகிறாள் என்பது தெரியும். அங்கே பார்ப்பது விஞ்ஞானப் பாடமா, வேறேதாவதா என்பது தெரியாது. ஆகவே வழியில் நிற்கும் கங்காணியால் முழுத் தளத்தையும் அடைக்க முடியும், அல்லது முழுவதையும் விட முடியும். இடையில் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வகைத் தடை எவ்வளவு தாங்கும் என்பதை இலங்கை நாடளவில் கண்டிருக்கிறது. 2018 மார்ச்சில், திகன வன்முறையின்போது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றைத் தடுத்தது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2022 ஏப்ரலிலும் மறுபடி தடுத்தது. ஒவ்வொரு முறையும் சனம் வீபிஎன் பக்கம் திரும்பியது. கடிதத்தை இன்னொரு உறைக்குள் போட்டு, மேலே வேறு ஊர் முகவரியை எழுதி அனுப்புவதுதான் வீபிஎன். காரியாலயம் அந்த வெளி முகவரியைப் பார்த்து விட்டுவிடும். அந்த ஊரில் வெளி உறை பிரிக்கப்பட்டு, உள்ளே இருக்கும் கடிதம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். நாட்டின் தடையைத் தாண்டும் வித்தையை அண்ணன்மாரிடம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வீட்டுத் தடை ஒரு பொருட்டா?

இரண்டாவது இடம், போனுக்குள். உறை ஒட்டப்படுவதற்கு முன்பே எழுதுபவரின் தோளருகே நிற்பவர் இவர். கூகுள் 2017இல் கொண்டுவந்த ஃபமிலி லிங்க், அப்பிள் 2018இல் கொண்டுவந்த ஸ்க்ரீன் டைம் ஆகியவை இந்த வகை. எந்தச் செயலியைத் திறக்கலாம், எத்தனை மணி நேரம் பார்க்கலாம், இரவு எத்தனை மணிக்குத் திரை பூட்டப்பட வேண்டும் என்பதையெல்லாம் இங்கே வரையறுக்கலாம். வீபிஎன் செயலியையே நிறுவ விடாமல் செய்யலாம்.

மூன்றாவது இடம், செயலிக்குள். 2015இல் வந்த யூடியூப் கிட்ஸ், தேடுபொறிகளின் பாதுகாப்புத் தேடல் போன்றவை. கடிதம் பிரிக்கப்படுவதே இவர் வீட்டில்தான் என்பதால் உள்ளே இருப்பதை முழுதாகப் பார்க்கக்கூடியவர் இவர். அப்படியானால் இவராவது சரியாகப் பிரித்தெடுப்பாரா?

சல்லடையின் கண்

பிரித்தெடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஏற்கெனவே பிடிபட்ட படமாக இருந்தால் கைரேகை போதும். 2009இல் மைக்ரோசொப்ட் நிறுவனமும் கணினியியலாளர் ஹனி ஃபரீதும் சேர்ந்து உருவாக்கிய போட்டோ டிஎன்ஏ, சிறுவர் துஷ்பிரயோகப் படம் ஒவ்வொன்றுக்கும் எண்களாலான ஒரு ரேகையை எடுத்து வைக்கிறது. படத்தின் அளவையோ நிறத்தையோ சற்று மாற்றினாலும் ரேகை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இது பழைய குற்றவாளியைத்தான் பிடிக்கும். இன்று காலையில் புதிதாக வந்த வீடியோவைப் பற்றி ரேகைப் பதிவேட்டில் ஒன்றும் இருக்காது.

புதியதைப் பிரிக்க ஒரு 'வகைப்படுத்தி' வேண்டும். இலட்சக்கணக்கான மாதிரிகளைக் காட்டி, "இது ஆகும், இது ஆகாது" என்று பழக்கிய கணினி நிரல் அது. இந்த இடத்தில் தேயிலை ஸ்டோருக்குள் போய் வரலாம். உலர்ந்த தூளைத் தரம் பிரிக்கும் சல்லடையின் கண் பெரிதாக இருந்தால் காம்பும் நாரும் நல்ல தூளோடு சேர்ந்து கீழே விழும். கண் சிறிதாக இருந்தால் நல்ல தூளும் கழிவோடு மேலே தங்கிவிடும். ஒரு குறையைச் சரிசெய்யப் போனால் மற்றது கூடும். இணைய வடிகட்டிக்கும் இதே விதிதான். ஆகாதது தப்பிப் போவதை நழுவல் என்போம். நல்லது மாட்டிக்கொள்வதை வீண் தடை என்போம்.

எவ்வளவு நழுவும், எவ்வளவு வீணாகத் தடைபடும்? கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிள்ளையின் முன் 1000 வீடியோக்கள் வருகின்றன. அவற்றில் 20 ஆகாதவை. நம் சல்லடை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை சரியாகச் சொல்லக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். ஆகாத 20இல் 19 பிடிபடும், ஒன்று நழுவும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீதி 980 நல்ல வீடியோக்களிலும் நூற்றுக்கு ஐந்து வீதம் 49 மாட்டிக்கொள்ளும். ஆக, தடுக்கப்பட்ட 68இல் 49 ஒரு குற்றமும் இல்லாதவை. சல்லடை மோசமானதல்ல. நல்லது கூடுதலாகவும் கெட்டது குறைவாகவும் இருக்கும் இடத்தில் எந்தச் சல்லடைக்கும் இந்தக் கதிதான்.

அந்த 49இல் சுகாதாரப் பாடத்தின் இனப்பெருக்க அலகு இருக்கலாம், மார்பகப் புற்றுநோய் பற்றிய விளக்கம் இருக்கலாம். "பாடம் பார்க்க விடுதில்லம்மா" என்று பிள்ளை பத்துத் தடவை வந்து நின்றால், பதினோராவது தடவை பூட்டே கழற்றப்படும். நழுவலும் சாதாரணமானதல்ல. சிறுவருக்கென்றே தனியாகக் கட்டிய யூடியூப் கிட்ஸுக்குள்ளேயே, பழக்கமான கார்ட்டூன் பாத்திரங்களின் வேஷத்தில் கொடூரமான வீடியோக்கள் புகுந்திருந்தது 2017இல் வெளிவந்து பெரும் சர்ச்சையானது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வகைப்படுத்தி தான் பார்த்த மாதிரிகளைக் கொண்டே பழகுகிறது. ஆங்கிலத்தில் மாதிரிகள் குவிந்து கிடக்கின்றன, தமிழிலும் சிங்களத்திலும் அவ்வளவு இல்லை. நம் பிள்ளைகளோ தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, நடுவே சிங்களச் சொல்லையும் தூவுகிறார்கள். மொழி தெரியாத கங்காணியின் முன் என்னவும் பேசலாம். 2018 வன்முறையின்போது சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கைகூடாதது, இலவசமாக இறக்கிய ஒரு செயலிக்குக் கைகூடும் என்று எதிர்பார்க்கலாமா?

சல்லடையில் சிக்காதது

சிறுவர் இணையத்தில் எதிர்கொள்ளும் ஆபத்துகளை லண்டன் பேராசிரியர் சோனியா லிவிங்ஸ்டனும் மரியா ஸ்டோய்லோவாவும் 2021இல் நான்கு வகையாகப் பிரித்தார்கள். தமிழில் அவற்றைப் பார்ப்பது, பழகுவது, செய்வது, சிக்குவது என்று சொல்லலாம். ஆகாததைப் பார்ப்பது முதலாவது. ஆகாதவரோடு பழகுவது இரண்டாவது. தானே பிறரைக் கேலி செய்வதும் தன் படத்தைப் பகிர்வதும் மூன்றாவது. விளம்பரம், சூது, தகவல் திருட்டு போன்ற வணிக வலையில் சிக்குவது நான்காவது.

இதுவரை பார்த்த சல்லடைகள் பெரும்பாலும் முதல் வகைக்கானவை. இரண்டாவது எப்படித் தொடங்கும் என்று பாருங்கள். "சாப்பிட்டியா?" "வீட்டுல யார் இருக்கா?" "இத யார்கிட்டயும் சொல்லாத." "ஒரு போட்டோ அனுப்பேன்." தனித்தனியாக எடுத்தால் ஒரு சொல்லிலும் குற்றமில்லை. மாமா கேட்டால் பாசம், முகம் தெரியாதவன் கேட்டால் தூண்டில். யார் கேட்கிறார், எத்தனை நாளாகக் கேட்கிறார், எதற்குப் பின் எது வந்தது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. போதாததற்கு வட்ஸ்அப் உரையாடல்கள் 2016 முதல் முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்படுகின்றன. அந்த நிறுவனமே உறையைப் பிரித்துப் படிக்க முடியாது.

அட்டைக்குச் சவர்க்காரம்

அப்படியானால் இந்தப் பூட்டால் பயனே இல்லையா? ஊகத்தை விட்டு, அளந்து பார்த்தவர்களைக் கேட்போம். எப்படி அளப்பது என்பதற்கு மலையிலேயே உதாரணம் இருக்கிறது. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போவோம். அது எவ்வளவு பயன் தருகிறது என்று அறிய, பூசிய கால்களிலும் பூசாத கால்களிலும் கடிகளை எண்ணி ஒப்பிட வேண்டும். இதில் ஒரு பொறியும் உண்டு. அட்டை கூடுதலான பள்ளத்துக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் பூசுவார்கள் என்றால், பூசிய காலில் கடி கூடுதலாகத் தெரியும். சவர்க்காரம்தான் அட்டையைக் கூப்பிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ பிரிபில்ஸ்கியும் விக்டோரியா நாஷும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 18,700க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரிடமும் அவர்களின் பெற்றோரிடமும் ஏற்கெனவே திரட்டப்பட்டிருந்த தரவுகளை எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் வடிகட்டி உண்டா, பிள்ளை இணையத்தில் பாலியல் காட்சிகளை எதிர்கொண்டதா என்று இரண்டையும் ஒப்பிட்டார்கள். பிறகு, எதை எப்படிச் சோதிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, பிரித்தானியாவில் 1,004 பேரிடம் மறுபடி பார்த்தார்கள். விடையைப் பார்த்த பின் கேள்வியை வளைக்காமல் இருக்கவே இந்த முன்பதிவு.

முடிவு என்ன? ஒரு பிள்ளை அத்தகைய காட்சியைப் பார்ப்பதும் பார்க்காததும் 99.5 சதவீதத்துக்கு மேல் வடிகட்டியோடு தொடர்பற்ற காரணங்களால் அமைந்தது. ஒரே ஒரு பிள்ளையைத் தடுத்துக் காக்க 17 முதல் 77 வரையான வீடுகளில் வடிகட்டி போடப்பட வேண்டியிருக்கும். அதாவது ஒரு கடியைத் தவிர்க்க அத்தனை பேர் சவர்க்காரம் பூசிக்கொள்ள வேண்டும்.

இந்த ஆய்வு வளரிளம் பருவத்தினரைப் பற்றியது, பாலியல் காட்சிகளைப் பற்றியது மட்டும். ஐந்து வயதுக் குழந்தை தேடிப் போவதில்லை, தவறுதலாகத்தான் போய் விழுகிறது. அங்கே வேலிக்கு வேலை உண்டு. தேடிப் போகத் தெரிந்த பதினான்கு வயதுக்கு அதே வேலி வெறும் புதிர்.

தடுப்பதற்கு ஒரு விலையும் இருக்கிறது. லிவிங்ஸ்டன் குழுவினர் எட்டு ஐரோப்பிய நாடுகளில் சுமார் 6,400 பெற்றோரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், கட்டுப்படுத்தும் வீடுகளில் ஆபத்து குறைந்தது, கூடவே பிள்ளை இணையத்தால் பெறும் நன்மையும் குறைந்தது. உடனிருந்து வழிகாட்டும் வீடுகளில் நன்மை கூடியது, ஆபத்தும் சற்றுக் கூடவே வந்தது. டிஜிட்டல் திறன் குறைந்த பெற்றோரே பெரும்பாலும் தடுப்பதை நாடினார்கள். டியூஷன் வகுப்புக்குப் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டிய லயத்துப் பிள்ளைக்கு, யூடியூபில் கிடைக்கும் ஒரு கணிதப் பாடத்தின் பெறுமதி கூட. ஆகவே வீண் தடையின் விலையும் இங்கே கூட.

கங்காணியைப் பார்ப்பது யார்?

பூட்டே ஓட்டையாக இருந்தால்? 2020இல் ஓர் ஆய்வுக் குழு அன்ட்ரொயிட் போன்களுக்கான 46 பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலிகளைப் பரிசோதித்தது. அவற்றில் 72 சதவீதமானவை விளம்பர நிறுவனங்கள் உட்பட மூன்றாம் தரப்பினரோடு தரவுகளைப் பகிர்ந்தன. தனியுரிமைக் கொள்கையில் அந்த நிறுவனங்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பிள்ளையைக் காக்க நிறுத்திய காவலாளி, பிள்ளையின் விபரத்தைக் கடையில் கொடுத்துவிட்டு வந்த கதை.

2017இல் 75 செயலிகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் பமேலா விஸ்னீவ்ஸ்கியின் குழு, அவற்றின் வசதிகளில் 89 சதவீதம் பெற்றோர் பிள்ளையைக் கட்டுப்படுத்துவதற்கானவை என்று கண்டது. பிள்ளை தன்னைத் தானே காத்துக்கொள்ளப் பழக்குபவை 11 சதவீதம் மட்டுமே. அடுத்த ஆண்டு, இத்தகைய செயலிகளைப் பற்றிப் பிள்ளைகளே எழுதிய 736 விமர்சனங்களை ஆராய்ந்தபோது, 79 சதவீதமானவை ஐந்துக்கு இரண்டு நட்சத்திரமோ அதற்குக் குறைவாகவோதான் கொடுத்திருந்தன. தன் மேல் நம்பிக்கையில்லை என்று நினைக்கும் பிள்ளை, நாளை ஒரு மிரட்டல் வந்தால் வீட்டில் வாய் திறக்குமா?

ஒரு போன், ஒரு லயம்

இப்போது முதல் காட்சிக்கு வருவோம். இந்தக் கங்காணிகளை வடிவமைத்தவர்களின் மனதில் ஒரு வீடு இருந்தது. பெற்றோருக்கு ஒரு போன், பிள்ளைக்கு ஒரு போன், ஆளுக்கொரு கணக்கு, திரையில் வரும் கட்டளைகளை வாசித்துப் புரிந்துகொள்ளும் தாய். லயத்தில் பெரும்பாலும் ஒரே போன். கணக்கு அப்பாவுடையது, அதன்படி இணையத்தின் பார்வையில் அதைப் பிடித்திருப்பவர் எப்போதும் நாற்பது வயது ஆண். வயதைப் பார்த்துத் தானாக விழும் பூட்டு அங்கே விழாது. யூடியூப் அடுத்து எதைக் காட்டுவது என்பதைக் கணக்கின் பழக்கத்தை வைத்தே தீர்மானிக்கும், ஆகவே நேற்றிரவு அண்ணன் பார்த்ததன் மிச்சம் இன்று தங்கச்சியின் திரையில் வரும்.

ஆனால் ஒற்றை அறையில் நான்கு பேர் நடுவே பார்க்கும் போனுக்கு இயற்கையாகவே சில கண்கள் உண்டு. டேட்டா முடிந்து, அடுத்த ரீலோடுக்குச் சம்பள நாள் வரை காத்திருக்க வைப்பதைவிடக் கண்டிப்பான கங்காணி எந்த நிறுவனத்திடமும் இல்லை. மலை மறைவில் சிக்னல் போவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பல அன்ட்ரொயிட் போன்களில் பிள்ளைக்கென்று தனிப் பயனர் கணக்கைத் திறக்க முடியும். சின்னப் பிள்ளையிடம் கொடுக்கும்போது ஒரே செயலியை மட்டும் திரையில் நிறுத்திப் பூட்டும் வசதியும் உண்டு. இவை இலவசம். கடவு எண் அம்மாவின் மனதில் இருக்க வேண்டும், கொப்பியில் அல்ல. பிள்ளை வளர வளரப் பூட்டைத் தளர்த்தி, பேச்சைக் கூட்ட வேண்டும். ஏதாவது நடந்துவிட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம். எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.

தோட்டத்தில், நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவருக்கு அரைப் பேர்தான் விழும். போன் கங்காணியின் நாள் வேலையை நிறுத்துப் பார்த்தால் அவருக்கும் அரைப் பேர்தான். சின்னஞ்சிறுசுகளுக்கு வேலி, இரவில் திரைக்கு ஓய்வு, தெரிந்த கெட்டதுக்குத் தடை. இவை அவர் எடுத்த கொழுந்து. அதற்கு மேல் அவர் கூடையில் ஒன்றுமில்லை. சவர்க்காரம் பூசிக்கொண்டு போனாலும் வீடு வந்ததும் காலைத் திருப்பிப் பார்க்கிறோமே, மீதி அரைப் பேர் அந்த வேலைக்கு உரியது. இன்று யார் பேசினார்கள், எதைப் பார்த்தாய், எது பயமாக இருந்தது என்று திட்டாமல் கேட்கும் வேலை அது.

அந்தக் கேள்விகளைத் தொடங்க நல்ல நேரம், பூட்டுப் போடும் நேரமேதான். சாவி மகளிடம் இருப்பது வெட்கப்பட வேண்டிய குறையல்ல, அவள் அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்கக் கிடைத்த வாய்ப்பு. "குடுங்கம்மா, நான் போட்டுத் தாரேன்" என்று அவள் கையை நீட்டும்போது, போனைக் கொடுத்துவிடாமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அம்மா சொல்லலாம்:

"போட்டுத் தர வேணாம் புள்ள. எப்புடிப் போடுறதுன்னு எனக்குக் காட்டிக் குடு."